கடலூர் அஞ்சலை அம்மாள்

கடலூர் அஞ்சலை அம்மாள் (1890 - 1961) இந்திய விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்ற தமிழகப் பெண்களுள் குறிப்பிடத்தக்கவர் ஆவார். ஒத்துழையாமை இயக்கம், நீல் சிலை அகற்றும் போராட்டம், உப்புச் சத்தியாகிரகம், தனிநபர் சத்தியாகிரகம் ஆகியவற்றில் ஈடுபட்டுப் பலமுறை சிறை சென்றார். 1927 ஆம் ஆண்டு தம் ஒன்பது வயது மகளுடன் போராட்டக் களத்தில் இறங்கினார். 1932 இல் கருவுற்றிருந்த நிலையில் வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 1937, 1946 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேர்தல்களில் தேர்ந்தெடுக்கப்பட்டார். காந்தி இவரைத் தென்னாட்டின் சான்சி ராணி என அழைத்ததாகக் கூறப்படுகிறது. அப்பெயராலேயே இவர் இன்றும் பரவலாக அறியப்படுகிறார்.

பிறப்பும் பின்னணியும்

அஞ்சலை அம்மாள் 1890 ஆம் ஆண்டு, அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த கடலூர் முதுநகரில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் பரவாத அக்காலத்தில் ஐந்தாம் வகுப்புப் படிப்பு என்பது சிறிய செய்தி அன்று. பிற்காலத்தில் மேடைகளில் பேசுவதற்கும் சட்டமன்றப் பணிகளை மேற்கொள்வதற்கும் இவருக்கு இருந்த பள்ளிக் கல்வி இவ்வளவே.

இவருடைய கணவர் பெயர் முருகப்பா. அவர் பத்திரிகை முகவராகத் தொழில் செய்துவந்தார். வெளியூர்ச் செய்திகளும் அரசியல் நிகழ்வுகளும் செய்தித்தாள்கள் வழியாகவே சிற்றூர்களை எட்டிய காலம் அது. அச்செய்தித்தாள்கள் முதலில் வந்து சேரும் வீடாக அஞ்சலை அம்மாளின் வீடு இருந்தது.

கடலூர் ஆங்கிலேயர் ஆட்சியுடன் நெடுங்காலத் தொடர்பு கொண்ட ஊராகும். 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்குள்ள தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையைப் பெற்றது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியிருந்த 1740களில் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமாக இக்கோட்டையே விளங்கியது. புதுச்சேரியிலிருந்து வெளியேறிய சுப்பிரமணிய பாரதி 1918 நவம்பரில் கைது செய்யப்பட்டு அடைக்கப்பட்டதும் கடலூர்ச் சிறையிலேயே ஆகும். பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட புதுச்சேரிக்கு அருகில் அமைந்திருந்ததால், அங்கு அடைக்கலம் புகுந்த அரசியல் ஏதிலிகளின் செய்திகளும் எழுத்துகளும் இவ்வூர் மக்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

அரசியல் ஈடுபாடு

1920 இல் காந்தி தொடங்கிய ஒத்துழையாமை இயக்கம் தமிழகத்தில் 1921 இல் வேகம் பெற்றது. அந்நியத் துணிகளைப் புறக்கணித்தல், கதர் நூற்றல், கள்ளுக்கடை மறியல் ஆகியன அவ்வியக்கத்தின் முக்கியச் செயல்திட்டங்களாக இருந்தன. நீதிமன்றங்களையும் கல்லூரிகளையும் புறக்கணிக்கும் திட்டம் பெரும்பாலும் படித்த ஆண்களைச் சார்ந்தது. கதரும் கள்ளுக்கடை மறியலும் அவ்வாறன்று. உடுக்கும் துணியும், குடியால் அழியும் குடும்ப வருவாயும் பெண்களின் அன்றாட வாழ்வுடன் நேரடித் தொடர்புடையவை. ஆகவே இவ்விரண்டின் வழியாகவே பெண்கள் பெருமளவில் பொதுவாழ்வுக்கு வந்தனர்.

அஞ்சலை அம்மாள் 1921 ஆம் ஆண்டு இவ்வியக்கத்தில் சேர்ந்தார். தென்னிந்தியாவில் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்ட முதல் பெண்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்த காந்தி, மதுரையில் தம் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். கதர் இயக்கத்துக்கு அந்நிகழ்வு தமிழகமெங்கும் ஒரு புதிய வலுவைத் தந்தது. அஞ்சலை அம்மாளும் கதர் பரப்பும் பணியில் முழுமையாக ஈடுபட்டார்.

இப்பணிகளுக்கான செலவை இவரது குடும்பமே ஏற்றது. குடும்பத்துக்குச் சொந்தமான நிலங்களையும் வீட்டையும் விற்று, அப்பணத்தைப் போராட்டத்துக்குச் செலவிட்டார். பெருஞ்செல்வர் குடும்பங்களிலிருந்து வந்த தலைவர்கள் சொத்தின் ஒரு பகுதியைத் துறந்ததற்கும், எளிய குடும்பம் ஒன்று தன் இருப்பிடத்தையே விற்றதற்கும் வேறுபாடு உண்டு. இவ்விற்பனைக்குப் பின் அக்குடும்பத்துக்குத் திரும்பிச் செல்வதற்கு வேறு பிடிமானம் இல்லை.

நீல் சிலை அகற்றும் போராட்டம்

அஞ்சலை அம்மாளின் பெயர் மாகாணம் முழுவதும் அறியப்பட்டது 1927 ஆம் ஆண்டு நடைபெற்ற நீல் சிலை அகற்றும் போராட்டத்தின்போது ஆகும்.

சேம்சு நீல் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஐரோப்பியப் படைப்பிரிவைச் சேர்ந்த அதிகாரி ஆவார். 1857 இல் வட இந்தியாவில் எழுந்த பெரும் கிளர்ச்சியை அடக்குவதற்காகச் சென்னையிலிருந்து அனுப்பப்பட்டார். காசி, அலகாபாத், கான்பூர் ஆகிய இடங்களில் இவரது தலைமையில் நடந்த அடக்குமுறை மிகக் கொடுமையானது. விசாரணையின்றிப் பலர் தூக்கிலிடப்பட்டனர். வழியில் இருந்த சிற்றூர்களும் தப்பவில்லை. 1857 செப்டம்பரில் இலக்னோவில் நடந்த சண்டையில் நீல் கொல்லப்பட்டார். பின்னர் ஆங்கிலேயர்கள் அவருக்குச் சென்னை மவுண்ட் சாலையில் சிலை எழுப்பினர்.

இச்சிலையை அகற்றக் கோரி 1927 ஆகத்து மாதத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. திருநெல்வேலியைச் சேர்ந்த சோமயாஜுலு இப்போராட்டத்தின் தலைவராக விளங்கினார். தொண்டர்கள் சிறு சிறு குழுக்களாகச் சென்று, சுத்தியல், கோடரி போன்ற கருவிகளால் சிலையைத் தாக்கிக் கைதாவது போராட்ட முறையாக இருந்தது. தப்பி ஓடுவதோ, நீதிமன்றத்தில் எதிர்வழக்காடுவதோ இல்லை. மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் தொண்டர்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். பின்னாளில் தமிழக முதலமைச்சரான காமராசரும் இப்போராட்டத்தில் ஈடுபாடு காட்டினார்.

அஞ்சலை அம்மாள் தம் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் உடன் அழைத்துக்கொண்டு கடலூரிலிருந்து வந்து இப்போராட்டத்தில் கலந்துகொண்டார். தாயும் மகளும் கைது செய்யப்பட்டனர். இப்போராட்டத்தில் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் சிறை புகுந்தது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. 1927 செப்டம்பரில் சென்னைக்கு வந்த காந்தி போராட்டத் தொண்டர்களைச் சந்தித்தார். போராட்டம் வன்முறைக்கு இடமின்றி நடைபெற வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். சிறையில் இருந்த தாயையும் மகளையும் அவர் பார்த்தார்.

சிலையை அகற்றக் கோரிச் சென்னைச் சட்டமன்ற மேலவையில் 1927 இல் கொண்டுவரப்பட்ட தீர்மானம் தோல்வியடைந்தது. சைமன் ஆணையத்தைப் புறக்கணிக்கும் போராட்டம் அதன்பின் முன்னணிக்கு வந்ததால், நீல் சிலைப் போராட்டம் தளர்ந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, இராசாசி தலைமையிலான காங்கிரசு அரசு சென்னை மாகாணத்தில் பொறுப்பில் இருந்த 1937 ஆம் ஆண்டு, சிலை மவுண்ட் சாலையிலிருந்து அகற்றப்பட்டது. பின்னர் அது சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. சிலை அகற்றப்பட்ட அதே ஆண்டில், அதனைத் தாக்கியதற்காகச் சிறை சென்ற அஞ்சலை அம்மாள் அம்மாகாணத்தின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார்.

இவ்வாண்டில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்வும் குறிப்பிடத்தக்கது. 1927 இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்ற மேலவையின் நியமன உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். தமிழகப் பெண்களின் அரசியல் வரலாற்றில் சட்டமன்றம், சிறை ஆகிய இரண்டு வாயில்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் திறந்தன.

மகள் லீலாவதி

காந்தி சிறுமி அம்மாக்கண்ணுவுக்கு லீலாவதி எனப் பெயர் சூட்டினார். பின்னர் லீலாவதி வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கு வளர்ந்தார். தாய் அடுத்தடுத்துச் சிறை சென்றதால் மகள் தன் இளமையின் ஒரு பகுதியைத் தாயைப் பிரிந்து கழிக்க நேர்ந்தது.

லீலாவதி பிற்காலத்தில் விடுதலைப் போராட்ட வீரரும் பொதுவுடைமைச் சிந்தனையாளருமான ஜமதக்னியை மணந்தார். ஜமதக்னி வட ஆற்காட்டுப் பகுதியைச் சேர்ந்தவர். கார்ல் மார்க்சின் மூலதனம் நூலைத் தமிழில் மொழிபெயர்த்தவர் என்ற வகையில் அவர் தமிழ் மொழிபெயர்ப்பு வரலாற்றில் இடம்பெறுகிறார்.

உப்புச் சத்தியாகிரகம்

1930 மார்ச் 12 அன்று காந்தி சபர்மதியிலிருந்து தண்டி நோக்கி நடைப்பயணம் தொடங்கினார். அவருடன் சென்ற தொண்டர்கள் அனைவரும் ஆண்களே. தமிழகத்தில் இராசாசி தலைமையில் ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்குப் புறப்பட்ட பயணத்திலும் இந்நிலையே காணப்பட்டது. கள்ளுக்கடை மறியலும் அந்நியத் துணிக்கடை மறியலுமே பெண்களுக்கு ஏற்ற பணிகள் எனக் காந்தி கருதினார். ஆயினும் பல மாகாணங்களிலும் பெண்கள் உப்புக் காய்ச்சுவதற்கும் தாமாகவே முன்வந்தனர்.

உப்பு வரி ஏழைகளையே மிகுதியும் பாதித்தது. கடலோர ஊர்களில் இயற்கையாகவே விளையும் உப்பை எடுப்பதும் குற்றமாக இருந்தது. கடலூர் போன்ற கடற்கரை ஊரில் வாழ்ந்த மக்களுக்கு இச்சட்டத்தின் பொருள் எவரும் விளக்கத் தேவையின்றியே விளங்கக்கூடியது.

அஞ்சலை அம்மாள் 1930 இல் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றார். அப்போது பலத்த காயமடைந்தார். அதே ஆண்டில் வேதாரணியத்தில் ருக்மிணி லட்சுமிபதி உப்புச் சட்டத்தை மீறிக் கைதானார். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை தண்டனை பெற்ற சென்னை மாகாணத்தின் முதல் பெண் அவரே ஆவார். துர்காபாய் (பின்னாளில் துர்காபாய் தேசுமுக்) சென்னையில் நடந்த போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார்.

1931 மார்ச் மாதம் காந்தி - இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானதைத் தொடர்ந்து சத்தியாகிரகக் கைதிகள் விடுதலை செய்யப்பட்டனர். அவ்வாண்டில் நடைபெற்ற அனைத்திந்திய மகளிர் காங்கிரசு மாநாட்டுக்கு அஞ்சலை அம்மாள் தலைமை தாங்கினார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த, செல்வமோ குடும்பப் பெருமையோ இல்லாத ஒருவர் இத்தகைய மாநாட்டின் தலைமைக்கு உயர்ந்தது அவரது சிறை வாழ்வும் ஈகமும் பெற்றுத் தந்த மதிப்பினால் ஆகும்.

வேலூர்ச் சிறை

வட்டமேசை மாநாட்டிலிருந்து காந்தி வெறுங்கையுடன் திரும்பியதை அடுத்து, 1932 சனவரி தொடக்கத்தில் சட்டமறுப்பு இயக்கம் மீண்டும் தொடங்கியது. ஆங்கிலேய அரசு இம்முறை காத்திருக்கவில்லை. காந்தி சனவரி 4 அன்று கைது செய்யப்பட்டார். அவசரச் சட்டங்களின் கீழ் காங்கிரசு அமைப்புகள் தடை செய்யப்பட்டு, நாடெங்கும் கைதுகள் நடந்தன. அஞ்சலை அம்மாளும் 1932 இல் கைது செய்யப்பட்டு வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

வேலூர், பாலாற்றின் தென்கரையில் சவ்வாது மலைத் தொடருக்கு வடக்கே அமைந்த நகரமாகும். அக்காலத்தில் வேலூரும் சவ்வாது மலையும் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. சந்தன மரங்களுக்குப் பெயர் பெற்ற இம்மலையில் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். மலைகள் சூழ்ந்த வறண்ட இச்சமவெளியில் கோடை வெப்பம் மிகக் கடுமையானது. 1806 இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வேலூர்க் கோட்டையும், 1830 இல் தொடங்கப்பட்ட மத்திய சிறையும் இந்நகரின் அடையாளங்களாகும்.

சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலும் கைதான பெண் சத்தியாகிரகிகள் வேலூர்ப் பெண்கள் சிறைக்கே கொண்டுவரப்பட்டனர். அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டுடன், ஆந்திரத்தின் பெரும்பகுதி, மலபார், தென் கன்னடம் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. ஆகவே தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் பெண்கள் ஒரே மதிலுக்குள் வாழும் நிலை ஏற்பட்டது. ருக்மிணி லட்சுமிபதி, துர்காபாய், அம்புசம்மாள் முதலியோர் வேலூர்ச் சிறையில் இருந்தவர்களுள் சிலர்.

சிறைக்குள் அனைவரும் ஒரே நிலையில் நடத்தப்படவில்லை. கைதிகள் அவர்களுடைய கல்வி, செல்வம், சமூக நிலை ஆகியவற்றைக் கொண்டு ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். உணவு, உடை, படுக்கை, நூல்கள், உறவினரைச் சந்தித்தல் ஆகிய அனைத்தும் வகுப்புக்கு ஏற்ப மாறுபட்டன. ஒரே சட்டத்தை ஒரே நாளில் மீறிய இருவர், வெளியில் அவர்களுக்கு இருந்த நிலையைப் பொறுத்துச் சிறையிலும் வேறுபட்ட வாழ்வையே பெற்றனர். விடுதலைப் போராட்டக் காலச் சிறைகளில் இப்பாகுபாடு பல மனத்தாங்கல்களுக்குக் காரணமாக இருந்தது.

வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டபோது அஞ்சலை அம்மாள் கருவுற்றிருந்தார். அக்காலத்தில் மகப்பேற்றின்போது தாயோ சேயோ இறப்பது வெளியுலகிலேயே மிகுதியாக இருந்தது. சிறையில் அதற்கான மருத்துவ வசதிகளை எதிர்பார்க்க இயலாது. மகப்பேறு நெருங்கிய நிலையில் அரசு அவரைப் பிணையில் வெளியே அனுப்பியது. தண்டனையைக் கைவிடவில்லை. அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்து இரண்டு வாரங்களுக்குள் அவர் மீண்டும் வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

அரசிடம் மன்னிப்புக் கோரி, இனிப் போராட்டங்களில் ஈடுபடுவதில்லை என எழுதிக் கொடுப்பது அன்றைய சத்தியாகிரகிகளுக்கு எப்போதும் திறந்திருந்த வழியாகும். உடல்நலம், குடும்பச் சூழல் ஆகியவற்றால் அவ்வழியை நாடியவர்களும் உண்டு. பச்சிளங் குழந்தையின் தாயான அஞ்சலை அம்மாள் அதனை நாடவில்லை. அக்குழந்தைக்குச் செயில் வீரன் எனப் பெயர் வழங்கியது. பிற்காலத்தில் அப்பெயர் செயவீரன் என மாறியது.

காந்தியுடன் சந்திப்பு

காந்தி ஒருமுறை கடலூருக்கு வந்தபோது, அவர் அஞ்சலை அம்மாளைச் சந்திப்பதற்கு ஆங்கிலேய அரசு தடை விதித்தது. அரசு ஒரு தனிப்பட்ட பெண்ணை முன்னிட்டு இத்தகைய தடையை விதித்தமை, அப்பகுதி மக்களிடையே அவருக்கு இருந்த செல்வாக்கைக் காட்டுகிறது. அஞ்சலை அம்மாள் முகம் மறைக்கும் பர்தா அணிந்து, குதிரை வண்டியில் ஏறிக் காவலர்களைக் கடந்து சென்று காந்தியைச் சந்தித்தார். அவருடைய துணிவைக் கண்டே காந்தி அவரைத் தென்னாட்டின் சான்சி ராணி என அழைத்தார் என்பது கடலூர்ப் பகுதியில் வழங்கிவரும் செய்தியாகும்.

சான்சி ராணி லட்சுமிபாய் 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர். அதே கிளர்ச்சியை அடக்கியவர்களுள் ஒருவரான நீலின் சிலையை எதிர்த்துச் சிறை சென்றவர் அஞ்சலை அம்மாள். இவ்வகையில் இப்பெயர் வெறும் புகழுரையாக மட்டும் அமையாமல் வரலாற்றுத் தொடர்பும் உடையதாகும்.

சட்டமன்றப் பணி

1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டமன்றக் கீழவையில் 215 இடங்கள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றுள் 8 இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. வாக்குரிமை அனைவருக்கும் வழங்கப்படவில்லை. சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகள் தேவைப்பட்டன. சென்னை மாகாணத்தில் பெண்கள் 1921 ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை பெற்றிருந்தபோதும், இத்தகுதிகளால் பெண் வாக்காளர்கள் ஆண்களைவிட மிகக் குறைவாகவே இருந்தனர்.

1937 தேர்தலில் காங்கிரசு 159 இடங்களில் வென்றது. அஞ்சலை அம்மாள் கடலூரில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடன் சட்டமன்றத்துக்கு வந்த ருக்மிணி லட்சுமிபதி அவையின் துணைத் தலைவரானார். வேலூர்ச் சிறை கண்ட இரு பெண்கள் ஒரே அவையில் அமர்ந்தனர்.

இந்தியத் தலைவர்களைக் கலந்துகொள்ளாமல் இந்தியாவை இரண்டாம் உலகப் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்து, 1939 அக்டோபரில் சென்னை மாகாணக் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. 1940 அக்டோபரில் தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கியது. காந்தியால் தெரிவு செய்யப்பட்டவர்கள் தனித்தனியே போர் எதிர்ப்பு முழக்கமிட்டுக் கைதாயினர். ஐம்பது வயதை எட்டியிருந்த அஞ்சலை அம்மாள் இப்போராட்டத்திலும் ஈடுபட்டுச் சிறை சென்றார். சட்டமன்ற உறுப்பினராகப் பெற்ற மதிப்பு அவரைச் சிறையிலிருந்து விலக்கி வைக்கவில்லை.

போர் முடிந்தபின் 1946 இல் நடைபெற்ற தேர்தலில் இவர் மீண்டும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1947 ஆகத்து 15 அன்று இந்தியா விடுதலை பெற்றபோது இவருக்கு வயது 57.

மக்கள் பணி

சிதம்பரம் பகுதியைச் சேர்ந்த தீர்த்தாம்பாளையம் என்னும் ஊரில் குடிநீர்த் தட்டுப்பாடு இருந்து வந்தது. வீராணம் ஏரி நீரைக் கொண்டு செல்லும் கால்வாயிலிருந்து கிளை வாய்க்கால் ஒன்றை வெட்டச் செய்து அஞ்சலை அம்மாள் அக்குறையைத் தீர்த்தார். அவ்வாய்க்கால் மக்களால் அஞ்சலை வாய்க்கால் என்றே அழைக்கப்படுகிறது. வீராணம் ஏரி சோழர் காலத்தில் அமைக்கப்பட்ட பெரிய ஏரியாகும். கடலூர் மாவட்டத்தின் வேளாண்மைக்கு அது பயன்படுகிறது. நீர் பற்றாத சிற்றூருக்கு வாய்க்கால் ஒன்றின் மதிப்பு எத்தகையது என்பதை அவ்வூரார் அதற்கு இட்ட பெயரே உணர்த்தும்.

விடுதலைக்குப் பின் ஈகியருக்கு வழங்கப்பட்ட ஓய்வூதியத்தை இவர் ஏற்க மறுத்தார். நாட்டுக்காகச் செய்த பணிக்கு ஊதியம் பெறலாகாது என்பது அவரது நிலைப்பாடாக இருந்தது. வீட்டையும் நிலத்தையும் விற்றவர் எடுத்த முடிவு இது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

அஞ்சலை அம்மாள் 1961 ஆம் ஆண்டு காலமானார்.

வரலாற்றில் இடம்

தமிழகத்தில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்ட பெண்களைப் பற்றிய குறிப்புகளில், கல்வி கற்ற நகர்ப்புறக் குடும்பங்களைச் சேர்ந்தோர் பற்றிய செய்திகளே மிகுதி. அவர்கள் தன்வரலாறு எழுதினர். கடிதங்களும் ஆவணங்களும் விட்டுச் சென்றனர். ருக்மிணி லட்சுமிபதி 1946 இல் சென்னை மாகாணத்தின் நலவாழ்வுத் துறை அமைச்சரானார். துர்காபாய் இந்திய அரசியலமைப்பு அவையின் உறுப்பினராக இருந்தார். இவர்களது வாழ்க்கை பல இடங்களில் பதிவு செய்யப்பட்டுள்ளது.

அஞ்சலை அம்மாள் போன்ற எளிய குடும்பத்துப் பெண்களின் நிலை வேறு. அவர்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் குடும்பத்தினர், ஊரார் ஆகியோரின் நினைவுகளிலும், சட்டமன்ற ஏடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவர்களுடன் சிறை சென்ற பெயர் தெரியாத பெண்கள் பலர். சிறைவாசத்தின் சுமை அவர்களுக்கு இருமடங்காக இருந்தது. அவர்கள் சிறையில் இருந்த நாட்களில் வீட்டு அடுப்பும் குழந்தை வளர்ப்பும் பிறர் கைக்குச் சென்றன. குடும்பத்தின் வருவாயும் நின்றது.

அஞ்சலை அம்மாளின் போராட்ட வாழ்வில் அவரது குடும்பம் முழுவதும் பங்கேற்றது. கணவர் வீட்டையும் நிலத்தையும் இழக்க உடன்பட்டார். மகள் ஒன்பது வயதில் காவலில் வைக்கப்பட்டார். மகன் பெயரிலேயே சிறையைச் சுமந்தார். இவை அனைத்தும் பெரிய தலைவர் ஒருவரது குடும்பத்தில் நிகழ்ந்திருப்பின் நூல்களாக விரிந்திருக்கும். கடலூர் முதுநகரில் நிகழ்ந்ததால் நெடுங்காலம் அப்பகுதியினர் மட்டுமே அறிந்த செய்தியாக இருந்தது.

நினைவு

கடலூர் முதுநகரில் உள்ள காந்தி பூங்காவில் தமிழ்நாடு அரசு அஞ்சலை அம்மாளுக்குச் சிலை அமைத்துள்ளது. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடைபெற்ற தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாட்டில், வேலு நாச்சியாருடன் இவரும் அக்கட்சியின் வழிகாட்டிகளுள் ஒருவராக அறிவிக்கப்பட்டார். அதனைத் தொடர்ந்து இவரது வாழ்க்கை குறித்து அறியும் ஆர்வம் இளைஞர்களிடையே பெருகியது. தீர்த்தாம்பாளையத்து வாய்க்கால் அவரது பெயரை இன்றும் தாங்கியுள்ளது.